கோயிலும் சதுக்கமும் படமாக வந்த நினைவு முத்திரைகள்: வன்னியில் சேகரிப்பவர்களுக்கான கேள்வி பதில்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்தில் முத்திரை சேர்க்கும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். பழைய தேவாலயங்களும் நகரச் சதுக்கங்களும் படமாக உள்ள முத்திரைகளைப் பற்றித்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். முத்திரையைக் கையாளும் முறைகள் எல்லா வகை முத்திரைக்கும் பொருந்தும்.

நினைவு முத்திரை என்பது என்ன? தபால் கந்தோரில் வாங்கும் சாதாரண முத்திரையும் அதுவும் ஒன்றா?

கடிதத்தில் ஒட்டி அனுப்புவதற்கு இரண்டும் ஒன்றுதான். சாதாரண முத்திரையைத் தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்ப அச்சடிப்பார்கள், ஒரே படம் வருடக்கணக்கில் ஓடும். நினைவு முத்திரை ஒரு நூற்றாண்டு நிறைவு, ஒரு வருகை, ஒரு திறப்பு விழா என்று ஏதாவது ஒன்றை முன்னிட்டு வருவது. ஒருமுறை அச்சடிப்பார்கள், முடிந்தால் முடிந்ததுதான். வெளியிடும் நாளில் அதை ஒரு உறையில் ஒட்டி, அந்தத் திகதியோடு சிறப்புச் சீல் குத்தித் தருவதை முதல் நாள் உறை என்கிறோம்.

உலகத்தின் முதல் தபால் முத்திரை 1840 மே மாதம் பிரித்தானியாவில் வந்தது. இலங்கையின் முதல் முத்திரை 1857 இல், விக்டோரியா மகாராணியின் தலையோடு. அந்தக் காலத்தில் முத்திரை என்றால் ராசா ராணி முகம்தான். கட்டடங்களும் ஊர்களும் அதில் இடம் பிடித்தது பிறகுதான்.

பறவை, பூ, விளையாட்டு என்று அழகான முத்திரைகள் இருக்கும்போது ஏன் கோயிலையும் சதுக்கத்தையும் சேர்க்க வேண்டும்?

பறவை முத்திரை எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு நாடு தன் கோயிலையோ சந்தைச் சதுக்கத்தையோ முத்திரையில் போடும்போது "எங்களை இப்படிப் பாருங்கள்" என்று உலகத்துக்குச் சொல்கிறது. அதனால்தான் 1918 இல் செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு பிறந்தவுடன், அதன் முதல் முத்திரைக்கு அல்போன்ஸ் முக்கா என்ற ஓவியர் ஒரு தலைவரின் முகத்தை வரையாமல், பிராக் நகரத்துக் கோட்டையையும் அதற்குள் நிற்கும் புனித வீத்துஸ் பேராலயத்தையும் வரைந்தார். அந்தப் படத்தில் கோட்டைக்குப் பின்னால் சூரியன் எழுகிறது, அந்தத் திசையில் சூரியன் எழவே முடியாது என்று ஊர்ச்சனம் கண்டுபிடித்துவிட்டது. பிறகு வந்த அச்சுகளில் சூரியனைக் காணவில்லை. இரண்டு வகையும் இன்றைக்கும் மலிவாகக் கிடைக்கின்றன, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய சோடி அது.

எங்கள் ஆட்களுக்கு இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

போரில் இடிந்த கோயில்கள் முத்திரையில் வந்திருக்கின்றனவா?

நிறைய. எனக்கு இந்தச் சேகரிப்பில் மிகவும் முக்கியமான பகுதி இதுதான், வன்னியில் இருக்கும் ஒருவருக்கு இதைச் சேர்க்க வேறு யாரையும் விடக் கூடுதலான நியாயம் இருக்கிறது என்று நம்புகிறேன்.

முதலில் போலந்து. வார்சோ நகரம் 1944 இல் திட்டமிட்டுத் தரைமட்டமாக்கப்பட்டது. போர் முடிந்த கையோடு, 1945 இல், அந்த நாடு ஒரு வரிசை முத்திரை வெளியிட்டது. ஒவ்வொரு முத்திரையிலும் ஒரே கட்டடம் இரண்டு தடவை இருக்கும்: 1939 இல் நின்றபடி ஒன்று, 1945 இல் இடிந்து கிடந்தபடி ஒன்று. அரச மாளிகை, புனித யோவான் பேராலயம், திருச்சிலுவைக் கோயில், பிரதான தபால் கந்தோர் எல்லாம் அதில் உண்டு. அடுத்த வருடம் அதே முத்திரைகளின் மேல் "வார்சோ விடுதலையானது" என்ற பொருளில் போலந்து மொழியில் மேலச்சு அடித்தும் விட்டார்கள். நகத்தளவு கடதாசியில் ஒரு சனம் தன் வழக்கைச் சொன்னது அப்படித்தான். பிறகு பழைய ஓவியங்களையும் அளவுக் குறிப்புகளையும் வைத்துப் பழைய நகரத்தையும் அதன் சந்தைச் சதுக்கத்தையும் முன்பிருந்தபடியே திரும்பக் கட்டினார்கள். 1980 இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

பிரான்சின் றெய்ம்ஸ் பேராலயம் 1914 செப்டெம்பரில் எறிகணை விழுந்து எரிந்தது. திருத்தி முடிக்க இருபது வருடத்துக்கு மேல் சென்றது. 1938 இல் அது திரும்பத் திறந்தபோது அதற்கென்றே முத்திரை வந்தது. பெல்ஜியம் 1928 இல் ஓர்வால் துறவிமடத்தைத் திரும்பக் கட்டக் காசு சேர்க்கும் முத்திரைகளை வெளியிட்டது. ஜேர்மனியின் கொலோன் பேராலயத்துக்கு 1248 இல் அத்திவாரம் போட்டார்கள், கட்டி முடிந்தது 1880 இல். அதன் 700 ஆவது ஆண்டு 1948 இல் வந்தபோது நகரமே இடிபாடாகக் கிடந்தது. அப்போது வந்த முத்திரைகளில் தபால் கட்டணத்தோடு இன்னொரு தொகையும் சேர்த்து அச்சிட்டிருந்தது, அந்த மேலதிகக் காசு கோயிலைத் திருத்தப் போனது.

முத்திரையில் இரண்டு எண்களுக்கு நடுவில் ஒரு கூட்டல் குறி இருந்தால் அது இந்த வகை என்று பிடித்துக்கொள்ளலாம். முதல் எண் தபாலுக்கு, இரண்டாவது எண் நன்கொடை. கடிதம் எழுதுகிற ஒவ்வொருவரும் கோயில் கட்ட ஒரு செங்கல் கொடுத்த மாதிரி.

லூபெக் முத்திரை என்று ஒரு கதை சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஜேர்மனியின் லூபெக் நகரத்து மரியன்னை கோயில் 1942 இல் குண்டுவீச்சில் எரிந்தது. அந்தச் சூட்டில் சுவரில் பூசியிருந்த சுண்ணாம்பு உரிந்து, அடியில் இருந்த மத்தியகால ஓவியங்கள் தெரிந்தன. போருக்குப் பிறகு அவற்றைத் திருத்தும் பொறுப்பு ஒரு குழுவிடம் போனது. 1951 இல் கோயிலின் 700 ஆவது ஆண்டுக்கு, அந்த ஓவியங்களை வைத்து மேற்கு ஜேர்மனி முத்திரை வெளியிட்டது, அதிலும் நன்கொடைத் தொகை உண்டு. மறு வருடம் அந்தக் குழுவில் வேலை செய்த லோத்தர் மல்ஸ்காட் என்ற ஓவியர் தானாகவே வந்து, அங்கே இருந்த பலவற்றைப் புதிதாக வரைந்தவன் நானே என்று ஒப்புக்கொண்டார். வழக்கு நடந்து தண்டனையும் கிடைத்தது. ஓவியம் போலி, முத்திரை அசல்!

இடிந்த கோயிலைத் திருத்துகிறோம் என்ற பெயரில் பழைய சுவரை இடித்துவிட்டு மாபிள் ஒட்டும் எங்கள் பக்கத்து ஆட்கள் இந்தக் கதையை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். உள்ளதை உள்ளபடி காப்பாற்றுவதும் கட்டுவதும் வேறு வேறு வேலை.

பெரிய பேராலயங்கள் மட்டும்தான் முத்திரையில் வருமா?

இல்லை. பிரித்தானியா 1969 இல் ஆறு பேராலயங்களை வைத்து ஒரு வரிசை வெளியிட்டது, கன்ரபறி, யோர்க், டேறம், லண்டன் புனித பவுல் எல்லாம் அதில் வந்தன. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது 1972 இல் வந்த கிராமத்துக் கோயில் வரிசைதான். ஐந்து முத்திரைகள், ஐந்தும் சின்னச் சின்ன ஊர்கள். அதில் கிறீன்ஸ்ரெட் என்ற இடத்துக் கோயில், பிளந்த மரக்குற்றிகளை நிமிர்த்தி வரிசையாக நட்ட சுவரோடு இன்றைக்கும் நிற்கிறது. வலைஞர்மடத்திலோ இரணைப்பாலையிலோ வங்காலையிலோ இருக்கும் ஒரு பிள்ளைக்கு அந்த வரிசையைக் காட்டினால், தன் ஊர்க் கோயிலையும் முத்திரையில் பார்க்கலாம் என்று தோன்றும். தோன்ற வேண்டும்.

வன்னியில் சதுக்கமே இல்லையே, அதை நாங்கள் ஏன் சேர்க்க வேண்டும்?

கல் பதித்து நாலு பக்கமும் மாடிவீடு நிற்கும் சதுக்கம் எங்களிடம் இல்லைத்தான். எங்களுக்குச் சந்தி இருக்கிறது. கரடிப்போக்குச் சந்தி, பரந்தன் சந்தி, மாங்குளம் சந்தி, புதுக்குடியிருப்புச் சந்தி. பஸ் நிற்பதும், மரக்கறி விற்பதும், பத்திரிகை வாசிப்பதும், நோட்டீஸ் ஒட்டுவதும், செய்தி பரவுவதும் அங்கேதான். ஐரோப்பியச் சதுக்கத்தின் வேலையும் இதேதான், கூடவே ஒரு கோயிலும் நகரசபையும் நிற்கும்.

அதனால் முத்திரையில் ஒரு சதுக்கத்தைப் பார்த்தால், அது யாருக்காக, எப்போது கட்டப்பட்டது என்று கேளுங்கள். பிறசல்ஸ் நகரத்துப் பெரிய சதுக்கம் பெல்ஜிய முத்திரைகளில் வந்துகொண்டே இருக்கும். அந்த அலங்காரமான வீடுகள் பெரும்பாலும் 1695 இல் பிரெஞ்சுப் பீரங்கிகள் நகரத்தை எரித்த பிறகு, சில வருடங்களுக்குள் வியாபாரச் சங்கங்கள் திரும்பக் கட்டியவை. வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தை பெர்னினி 1656 இல் தொடங்கினார். வளைந்து நிற்கும் 284 தூண்களைச் சின்ன முத்திரையில் செதுக்கியவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

இலங்கை முத்திரையில் எங்களுக்கு நெருக்கமான ஒன்று வேண்டுமென்றால் 1935 ஆம் ஆண்டு வரிசையின் 30 சதம் முத்திரையைத் தேடுங்கள். பழைய நீர்ப்பாசனக் குளம் ஒன்று அதில் இருக்கிறது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளத்தை நம்பி வாழும் சனத்துக்குக் கோயிலும் சந்தியும் இருக்கும் அல்பத்தில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

நாங்கள் சைவம். பிள்ளை தேவாலய முத்திரை சேர்க்கலாமா?

தாராளமாக. ஆவணி மடுத் திருவிழாவுக்கு மதம் பார்த்தா சனம் போகிறது?

முத்திரையின் படத்தை எப்படிப் பார்க்க வேண்டும்?

வெறும் கண்ணால் பார்த்துவிட்டு அல்பத்தில் செருகிவிடாதீர்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வாங்குங்கள், விலை குறைந்ததே போதும். பழைய ஐரோப்பிய முத்திரைகளில் பல உருக்குத் தகட்டில் கையால் செதுக்கி அச்சிட்டவை. கண்ணாடிக்கு அடியில் வைத்தால் நிழல் என்று நீங்கள் நினைத்தது அத்தனையும் தனித்தனிக் கோடு என்று தெரியும். கூரைக்கு ஒரு திசையில் கோடு, சுவருக்கு இன்னொரு திசையில், வானத்துக்கு மெல்லிய கிடைக்கோடு. வியர்வை இல்லாத விரல் நுனியால் ஒருமுறை மெதுவாகத் தடவினால் மை மேலெழுந்து சொரசொரப்பாகத் தட்டுப்படும். சாதாரண அச்சில் அது வராது, பெருக்கிப் பார்த்தால் வண்ணப் புள்ளிகள்தான் தெரியும். போலந்தில் பிறந்து சுவீடனில் வேலை செய்த செஸ்லாவ் ஸ்லானியா இந்தச் செதுக்கு வேலையில் பெரிய கை. ஆயிரத்துக்கு மேற்பட்ட முத்திரைகளைச் செதுக்கிவிட்டு 2005 இல் இறந்தார்.

அடுத்ததாக எழுத்தைப் பாருங்கள். எங்கள் முத்திரையில் நாட்டின் பெயர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் இருக்கும். பிறகு ஆண்டு, அப்புறம் ஓரத்துப் பல்வரிசை. ஒரு பல் உடைந்திருந்தாலும் சேகரிப்பவர்கள் அதைக் குறையாகத்தான் எடுப்பார்கள்.

உறையில் இருந்து முத்திரையை எடுப்பது எப்படி?

எடுப்பதற்கு முதல், எடுக்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். போன கிழமை கடையில் இருந்து வந்த உறை என்றால் பரவாயில்லை. ஆனால் பழைய கடிதம், அதுவும் போர்க்காலத்தில் வன்னிக்குள் வந்த கடிதமோ இங்கிருந்து வெளியே போன கடிதமோ என்றால், தயவுசெய்து கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். பாதை பூட்டியிருந்த காலத்திலும் இங்கே தபால் கந்தோர்கள் இயங்கின, கடிதங்கள் சுணங்கிச் சுணங்கியாவது வந்தன. அந்த உறையில் இருக்கும் சீலில் ஊரின் பெயரும் திகதியும் இருக்கிறது. முகவரியில் இப்போது இல்லாத ஒரு வீடு இருக்கும். முத்திரையை மட்டும் வெட்டினால் உங்களிடம் மிஞ்சுவது சில ரூபாய் பெறுமதியான கடதாசித் துண்டு, உறையோடு வைத்திருந்தால் அது ஊரின் சாட்சி. 2009 இல் எத்தனையோ குடும்பங்கள் உடுத்த உடுப்போடுதான் வந்தன, அல்பங்களும் படங்களும் பங்கருக்குள்ளேயே போய்விட்டன. தப்பி வந்த ஒரு உறை எவரிடமாவது இருந்தால் அதை அப்படியே வைத்திருங்கள்.

சரி, எடுக்கலாம் என்று முடிவு செய்த முத்திரைக்கு முறை இதுதான். சுற்றிக் கொஞ்சம் கடதாசி விட்டு வெட்டி, அகலமான கோப்பையில் சாதாரணத் தண்ணீர் விட்டு, முகம் மேலே இருக்கப் போடுங்கள். கால் மணி, அரை மணி கழித்துத் தானாக வழுக்கி வரும். இழுத்தால் கிழியும். பின்பக்கத்தில் வழுவழுப்பாக இருக்கும் பசையை நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, அச்சு மை ஒட்டாத வெள்ளைத் தாளில் கவிழ்த்துக் காயவிடுங்கள், காயும்போது சுருளும், பயப்பட வேண்டாம், ஓரிரவு பாரமான புத்தகத்துக்குள் வைத்தால் நிமிர்ந்துவிடும். நிறக் கடதாசி உறை என்றால் தனியாக ஊற வையுங்கள், சாயம் இறங்கி மற்றதையும் கெடுக்கும். ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும் புதிய முத்திரைகள் பல தண்ணீருக்கு மசியாது, அவற்றை ஓரம் விட்டு வெட்டி அப்படியே வையுங்கள்.

எங்கள் வெயிலுக்கும் மாரிக்கும் கறையானுக்கும் இவற்றைக் காப்பாற்றுவது எப்படி?

கஷ்டம்தான், ஆனால் முடியும். முத்திரையைக் கையால் தொடாமல் சாமணத்தால் எடுங்கள், வியர்வை பட்ட இடத்தில் பிறகு மண்ணிறப் புள்ளி பிடிக்கும். பசை, செலோரேப் இரண்டையும் அல்பத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம். செருகி வைக்கும் ஸ்டொக் புக் நல்லது. அதைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள், ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் ஈரத்தில் பக்கங்கள் ஒட்டும். ஐப்பசியில் இருந்து மார்கழி வரை மூடிய டப்பாவில், சிலிக்கா ஜெல் பைக்கற்றோடு வையுங்கள். மழை விட்டு நல்ல காற்று அடிக்கும் நாளில் திறந்து பக்கங்களை விரியுங்கள், நேர் வெயிலில் மட்டும் வேண்டாம், நிறம் போய்விடும். மண் சுவரை ஒட்டிய அலுமாரியின் கீழ்த்தட்டு கறையானுக்கு நீங்கள் வைக்கும் விருந்து. மேல்தட்டில், சுவரில் இருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

இவற்றை விற்றால் காசு வருமா?

பெரும்பாலும் வராது. கடந்த அறுபது எழுபது வருடத்து முத்திரைகள் உலகம் முழுக்கக் குவிந்து கிடக்கின்றன. காசுக்காக என்றால் வேறு வழி பாருங்கள்.

கோயில் படத்தோடு கலர் கலராக வரும் பைக்கற்றுகளை நம்பலாமா?

பைக்கற்றில் வரும் பழைய கிழக்கு ஐரோப்பிய முத்திரைகளில் பல, கடிதத்தில் ஒட்டப்படாமலேயே சேகரிப்பவர்களுக்கென்று அச்சகத்தில் சீல் அடித்து விற்றவை. மூலையில் அளவாக, சுத்தமாகச் சீல் விழுந்து, பின்னால் பசையும் அப்படியே இருந்தால் அது அந்த வகை. பிழையான பொருள் இல்லை, பிள்ளைகள் தொடங்குவதற்கு நல்லது, கடிதத்தில் பயணம் செய்த முத்திரை என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம்.

தவிர்க்க வேண்டியது வேறு: ஏதோ ஒரு நாட்டின் பெயரைப் போட்டு, அந்த நாட்டுத் தபால் துறைக்கே தெரியாமல் அச்சடிக்கும் தாள்கள். உலகத் தபால் ஒன்றியம் 2002 இல் இருந்து உறுப்பு நாடுகளின் அசல் வெளியீடுகளுக்கு எண் கொடுத்துப் பதிவு செய்கிறது. பெரிய விலை சொன்னால் அந்தப் பதிவில் தேடிவிட்டு வாங்குங்கள்.

எங்கள் கோயிலுக்கு ஒரு நினைவு முத்திரை வெளியிடச் செய்ய முடியுமா?

கேட்கலாம், கேட்க வேண்டும். தபால் திணைக்களத்துக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கடைசி நேரத்தில் ஓடாமல் நூறாம் ஆண்டோ நூற்றைம்பதாம் ஆண்டோ வருவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னாலேயே தொடங்குங்கள். வேலையில் பெரிய பங்கு சான்று சேர்ப்பதுதான்: அத்திவாரக் கல்லின் படம், ஞானஸ்நானப் பதிவேடு, பழைய நிழற்படம், இடிந்த காலத்துப் படம், திருத்திய பிறகு எடுத்த படம். பங்குச் சுவாமியிடம் இல்லாத படம் வெளிநாட்டில் இருக்கும் ஏதாவது ஒரு குடும்பத்தின் கலியாண அல்பத்தில் இருக்கும்.

சொல்வதற்கு எங்களிடம் வரலாறு இல்லாமல் இல்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670 அளவில், மாந்தையில் இருந்து மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு சனம் காட்டுக்குள் போன இடம் மடு. 1872 இல் இப்போதைய கோயிலுக்கு அத்திவாரம், 1924 இல் மாதாவுக்கு முடிசூட்டு. 2008 ஏப்ரலில் அதே சொரூபம் மறுபடி இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது, ஆவணித் திருவிழாவுக்கு முன் திரும்பி வந்தது. 2015 ஜனவரி 14 ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் அங்கே வந்து செபித்தார். மன்னார்த் தீவில் 1544 இல் சங்கிலி மன்னன் காலத்தில் கொல்லப்பட்டவர்களின் நினைவாகத் தோட்டவெளியில் ஒரு கோயில் இருக்கிறது.

முத்திரை வராத கோயிலை அல்பத்தில் எப்படிச் சேர்ப்பது?

கோயிலின் படத்தைப் போஸ்ட்காட் அளவில் பிரதி எடுங்கள். பொருத்தமான ஒரு முத்திரையைப் படப் பக்கத்திலேயே ஒட்டுங்கள், நத்தார் முத்திரை நன்றாகப் பொருந்தும். பிறகு அந்தக் கோயிலுக்குக் கிட்ட இருக்கும் தபால் கந்தோருக்குத் திருவிழா நாளில் போய், முத்திரையிலும் படத்திலும் பாதி பாதி விழும்படி சீல் குத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். படம், முத்திரை, சீல் மூன்றும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பதுதான் இந்த வகைச் சேகரிப்பின் விதி, உலகக் கண்காட்சிகளில் இதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. கந்தோரில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், "ஐயா, கொஞ்சம் தெளிவாக விழுகிற மாதிரிக் குத்துங்கோ" என்று மரியாதையாகக் கேட்டால் புது மை தொட்டுக் குத்தித் தருவார்கள்.

வெளிநாட்டு முத்திரைகளை எங்கிருந்து எடுப்பது?

உங்கள் சொந்தக்காரரிடம் இருந்துதான். ஜேர்மனியில் சித்தப்பா, பாரிசில் மாமி, ஒஸ்லோவில் அண்ணா என்று இல்லாத வீடு வன்னியில் எத்தனை? வாட்சப்பில் "எப்படி இருக்கிறீங்கள்" என்று கேட்கும்போது இதையும் கேளுங்கள்: தபால் கந்தோர்க் கவுண்டரில் இயந்திரத்தால் அடிக்கும் சீட்டு வேண்டாம், சிறப்பு முத்திரை கேட்டு வாங்கி, அதை ஒட்டி, உள்ளே ஒரு கடிதமும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அவர்கள் வேலைக்குப் போகும் வழியில் இருக்கும் கோயில் முத்திரையில் வந்திருந்தால் அதையே கேளுங்கள். நீங்களும் திரும்பி எழுத வேண்டும், இலங்கை முத்திரை ஒட்டி, உங்கள் ஊர்ச் சீலோடு. அங்கே பிறந்த பிள்ளைகள் அந்தச் சீலில் அப்பம்மாவின் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள்.